அப்பத்தா போய்வந்த இடம்

மழைக்காலம் வந்துவிட்டால் பக்கத்து வீட்டில் சுக்கு இடிக்கும் சத்தம் கேட்கும். மிக்ஸியில் போட்டால் பிளேடு மழுங்கிவிடும் என்று அந்த வீட்டுப் பாட்டி இன்னமும் இரும்பு உரலைத்தான் நம்புகிறார். அந்தக் காரநெடி ஜன்னல் வழியே வந்து மூக்கில் ஏறியதும், மதுரையில் ஓய்வுபெற்று வாழும் செவிலியர் ஒருவருக்குத் தன் அப்பத்தாவின் பாதங்கள் நினைவுக்கு வரும். வெடித்த குதிகால், பெருவிரலில் தேய்ந்துபோன மெட்டி, அதன்மேல் அப்பிக்கிடந்த சுக்குப்பொடி.

அப்போது அவர் பள்ளிக்கூடம் போகும் பேத்தி. சிவகங்கைப் பக்கத்துக் கண்மாய்க்கரைக் கிராமம். நாலைந்து நாள் காய்ச்சலில் கிடந்த அப்பத்தாவுக்கு ஒரு மத்தியானம் கைகால் சில்லிட்டுப்போனது. பெண்கள் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் சுக்குப்பொடியைச் சூடு பறக்கத் தேய்த்தார்கள். வைத்தியர் வந்து நாடி பார்த்தார். மூக்குக்குக் கீழே பஞ்சைப் பிடித்துப் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "ஆக வேண்டியதைப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

அதன்பிறகு காரியங்கள் மளமளவென்று நடந்தன. தலையைத் தெற்குப் பார்க்கக் கிடத்தினார்கள். வாய்க்கட்டுக் கட்டினார்கள். கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டினார்கள். நெற்றியில் காசு, தலைமாட்டில் நிறைபடி நெல், ஒரு விளக்கு. கேதம் சொல்லப் பக்கத்து ஊர்களுக்கு ஆள் போயிற்று. பங்காளிகள் பச்சை மூங்கில் வெட்டக் கிளம்பினார்கள். மகள்கள் வந்து சேரட்டும் என்று பொழுது சாயும்வரை போட்டுவைத்திருந்தார்கள்.

அந்தக் காத்திருப்புதான் அப்பத்தாவைக் காப்பாற்றியது. விளக்குக்கு எண்ணெய் விடப்போன சின்ன மருமகள் பெருவிரல் கட்டு அசைவதைப் பார்த்துவிட்டு எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே போட்டாள். வாய்க்கட்டை அவிழ்த்ததும் அப்பத்தா கேட்டது ஒரு செம்பு நீராகாரம். குடித்து முடித்துச் சுற்றும் முற்றும் பார்த்து, "ஏன்டி அழுகுறீக? நான்தான் வந்துட்டேனே" என்றார். மூங்கில் வெட்டிக்கொண்டு வந்தவர்கள் வாசலில் திகைத்து நின்றார்கள். அந்த மூங்கில் பிறகு அவரைப் பந்தலுக்குப் போனது.

அப்பத்தா சொன்ன கதை ஊர் முழுக்கப் பரவியது. கன்னங்கரேலென்று இரண்டு ஆட்கள் வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்களாம். நடந்து நடந்து கால் கடுத்ததாம். ஒரு பெரிய தாழ்வாரத்தில் ஏட்டோடு உட்கார்ந்திருந்தவர் பேரைக் கேட்டார். ஊரைக் கேட்டார். ஏட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு அந்த இரண்டு பேரையும் வைதார். "பேர் சரிதான், ஆள் இவ இல்ல. கொண்டுபோய் விடுங்க" என்றாராம். யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளியதும் முழிப்பு வந்துவிட்டது.

அதே பேருள்ள இன்னொருத்தி அன்றைக்கு ராத்திரி நாலு கல் தொலைவில் செத்துப்போனாள் என்று ஊரில் சொல்லிக்கொண்டார்கள். போய் விசாரித்து வந்தவர் யாரும் இல்லை. விசாரிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை.

அப்பத்தா அதற்குப் பிறகு பல வருஷம் இருந்தார். சாயங்கால வேளையில் திண்ணையில் அவரைச் சுற்றி எப்போதும் நாலு பேர். பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார்கள் வெகுதூரத்திலிருந்து வருவார்கள். "அங்கன சின்னப் பிள்ளைகளைப் பாத்தீகளா அத்தை?" என்பார்கள். பார்க்காததைப் பார்த்ததாக அப்பத்தா ஒருநாளும் சொன்னதில்லை. "நான் தாழ்வாரத்தோட திரும்பிட்டேன்த்தா, உள்ள போகல" என்பார். அந்தப் பதிலைக் கேட்டவர்கள் ஏமாற்றத்தோடு எழுந்துபோனதாகவும் பேத்திக்கு ஞாபகமில்லை. வந்தவர்கள் தங்கள் பிள்ளையைப் பற்றிப் பேசுவார்கள். அப்பத்தா கேட்டுக்கொண்டிருப்பார். இருட்டிய பிறகுதான் எழுந்திருப்பார்கள்.

சித்திரா பௌர்ணமி அன்று மதுரையில் கள்ளழகர் ஆற்றில் இறங்கும்போது, தெற்கத்திக் கிராமங்களில் சித்திரபுத்திர நயினார் கதை படிப்பார்கள். எமனுடைய கணக்கர் சித்திரகுப்தரைத்தான் அங்கே அப்படிச் சொல்வது. அவர் பசுவின் வயிற்றில் பிறந்தவர் என்பதால் நோன்பிருப்பவர்கள் பசும்பாலும் பசுநெய்யும் தொடுவதில்லை. உப்பும் சேர்ப்பதில்லை. கதையில் அமராவதி என்று ஒரு பெண் வருவாள். எத்தனையோ தர்மம் செய்தவள், இந்த ஒரு நோன்பை மட்டும் நோற்காமல் விட்டுவிட்டாள். எமலோகம் வரைக்கும் போனவளை, நோன்பை முடித்துவிட்டு வா என்று பூமிக்குத் திருப்பி அனுப்புவார்கள். அப்பத்தா சின்ன வயதிலிருந்து வருஷம் தவறாமல் கேட்ட கதை அது. காஞ்சிபுரத்தில் சித்திரகுப்தருக்குத் தனிக் கோயிலே உண்டு. கையில் எழுத்தாணியும் ஏடுமாக உட்கார்ந்திருப்பார். அப்பத்தா காஞ்சிபுரம் போனதில்லை. ஆனாலும் தாழ்வாரத்தில் இருந்தவரின் கையில் எழுத்தாணி இருந்ததென்று அடித்துச் சொல்வார்.

பேத்தி வளர்ந்து நர்ஸிங் படிக்க மதுரைக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் மாணவிகள் மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போவார்கள். கோயிலுக்கு அருகிலேயே சொக்கப்ப நாயக்கன் தெரு. அங்கே ஒரு பழைய வீட்டை ரமண மந்திரம் என்கிறார்கள். 1896 ஜூலை மாதம் அந்த வீட்டு மாடியில் 16 வயதுப் பையன் ஒருவன் தனியாக உட்கார்ந்திருந்தான். உடம்பில் எந்த நோவும் இல்லை. திடீரென்று சாகப்போகிறோம் என்ற பயம் வந்து கவ்விக்கொண்டது.  அவன் யாரையும் கூப்பிடவில்லை. பிணம்போலக் கைகாலை விறைப்பாக நீட்டிப் படுத்தான். உதட்டை இறுக மூடி மூச்சை அடக்கினான். உடம்பு செத்துவிட்டது, இதைத் தூக்கிக்கொண்டுபோய் எரித்துவிடுவார்கள், அதோடு நானும் செத்தேனா என்று தன்னையே கேட்டுப் பார்த்தான். ஆறு வாரத்தில் வீட்டைவிட்டுக் கிளம்பி, செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தான். உலகம் பிறகு ரமண மகரிஷி என்று அழைத்தது அந்த வேங்கடராமனைத்தான்.

விடுதிக்குத் திரும்பி நடக்கும்போது அந்த இளம்பெண்ணுக்கு ஒரு எண்ணம் வந்தது. அப்பத்தாவை இழுத்துக்கொண்டு போனார்கள், இந்தப் பையன் தானே போய்ப் பார்த்திருக்கிறான். ஒருவர் கண்டது தாழ்வாரமும் கணக்கரும், இன்னொருவர் கண்டதில் ஆளுமில்லை, இடமுமில்லை. இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது ஒன்றுதான். சாவைப் பற்றிய பயம் அத்தோடு அவர்களை விட்டுப் போய்விட்டது.

வேலைக்குச் சேர்ந்து, தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாறிய பிறகு, செத்துப் பிழைத்தவர்களை அவர் அடிக்கடி பார்க்க நேர்ந்தது. கிராமத்தில் அது ஒரு தலைமுறைக்கு ஒருமுறை நடக்கும் சங்கதி. ஐசியூவில் நடு ராத்திரி டியூட்டியில் எப்போது வேண்டுமானாலும் நடக்கும். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள், நின்றுபோன இதயத்தை நெஞ்சைப் பிளக்காமல் வெளியிலிருந்தே அழுத்தி ஓடவைக்கலாம் என்று 1960இல் எழுதினார்கள். ஷாக் கொடுக்கும் கருவியும் கூடவே வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகு உலகமெங்கும் வாசல்வரை போய்த் திரும்புகிறவர்கள் பெருகிவிட்டார்கள். மானிட்டரில் கோடு நேராகிவிடும். ஒருவர் நெஞ்சை அழுத்துவார், ஒருவர் ஆம்பு பையைப் பிடித்து மூச்சு ஊதுவார், ஒருவர் ஊசி ஏற்றுவார். சிலருக்குக் கோடு மறுபடியும் துள்ளும்.

அப்படித் திரும்பியவர்களில் ஒருவர் மேலூர்ப் பக்கத்து விவசாயி. இரண்டாம் நாள் விடியற்காலை, செவிலியர் இரத்தக்கொதிப்புப் பட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தபோது, அவர் தணிந்த குரலில் பேச ஆரம்பித்தார். அவருடைய ஐயா செத்துப் பல வருஷம் ஆகிறது. அந்த ஐயா மடைவாயில் மண்வெட்டியோடு நின்றாராம். தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. வெயிலும் இல்லை, இருட்டும் இல்லை, குளுகுளுவென்று ஒரு வெளிச்சம். "ஒன் முறை இன்னும் வரலடா, போயிட்டு வா" என்று ஐயா சொன்னாராம். முறைத் தண்ணீர் பாய்ச்சிப் பிழைத்த குடும்பம் அது. கேட்டுக்கொண்டு நின்ற மகனுக்கு வெட்கமாகிவிட்டது. "மருந்து மயக்கத்துல பினாத்துறாரு சிஸ்டர், நீங்க தப்பா நினைக்காதீங்க" என்றான். கிழவர் வாயை மூடிக்கொண்டார். டிஸ்சார்ஜ் ஆகும்வரை அதைப் பற்றி அவர் மறுபடி ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த மௌனம் செவிலியரை வெகுகாலம் உறுத்திக்கொண்டே இருந்தது. அப்பத்தாவுக்கு ஒரு திண்ணை இருந்தது. இவருக்கு ஒரு கட்டிலும், கேஸ் ஷீட்டும்தான் இருந்தன. கேஸ் ஷீட்டில் நாடித்துடிப்புக்கு இடம் உண்டு, சிறுநீர் எத்தனை மில்லி என்பதற்கு இடம் உண்டு. மடைவாயில் ஐயாவைப் பார்த்ததை எழுத இடமில்லை.

இப்படிப்பட்ட பேச்சையெல்லாம் சேகரித்துப் புத்தகமாகவே போட்டிருக்கிறார்கள் என்று அவருக்குச் சொன்னவர் ஒரு மயக்க மருந்து டாக்டர். ரேமண்ட் மூடி என்ற அமெரிக்கர் 1975இல் வெளியிட்ட புத்தகத்தை அவர்தான் கொண்டுவந்து கொடுத்தார். இருண்ட குகைவழி, அதன் முடிவில் கண்ணைக் கூசாத பேரொளி, முன்பே இறந்த சொந்தக்காரர்கள், வாழ்ந்ததெல்லாம் படம்போல ஓடுவது, திரும்பி வர மனமில்லாமை என்று பலரும் ஒரே மாதிரி சொன்னதை மூடி தொகுத்திருந்தார். அவருக்கும் எவ்வளவோ முன்பே, ஆல்பர்ட் ஹைம் என்ற சுவிட்சர்லாந்து நிலவியல் அறிஞர் மலையேறும்போது தவறி விழுந்து பிழைத்திருக்கிறார். விழும்போது பயமே இல்லாமல் போனதை நினைத்து வியந்து, தன்னைப்போல விழுந்து பிழைத்தவர்களைத் தேடித் தேடி விசாரித்து 1892இல் எழுதினார். அவர்களில் பலருக்கும் அதே அமைதிதான் வாய்த்திருந்தது.

இதையெல்லாம் படித்தபோது செவிலியருக்கு ஒரு குறை. குகைவழி வருகிறது, ஒளி வருகிறது. ஏடு புரட்டுகிற ஆளைக் காணோமே! அந்தக் குறையைத் தீர்த்துவைத்தது பெங்களூர் நிம்ஹான்ஸில் பணியாற்றிய சத்வந்த் பஸ்ரீச்சாவின் ஆய்வு. அவரும் இயான் ஸ்டீவன்சன் என்ற ஆய்வாளரும் இந்தியாவில் இப்படித் திரும்பியவர்கள் 16 பேரைப் பற்றி 1986இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதில் தூதர்கள் வருகிறார்கள், பிடித்துக்கொண்டு போகிறார்கள், ஏட்டையோ தாளையோ வைத்துக்கொண்டிருப்பவர் முன்னால் நிறுத்துகிறார்கள். ஆள் மாறிவிட்டது என்று தெரிந்ததும் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அமெரிக்கர்கள் அடிக்கடி சொல்லும், மேலே மிதந்தபடி தன் உடம்பையே பார்த்த காட்சி இவர்களிடம் இல்லை. அந்தக் கட்டுரையின் நகலை அவர் இரண்டாம் முறை படித்தபோது, அப்பத்தா திண்ணையில் உட்கார்ந்து சொல்வதுபோலவே இருந்தது. சிவகங்கைக்காரியின் அனுபவத்தை முன்பின் அறியாத யாரோ சொல்லியிருக்கிறார்கள். 

அங்கே போனவர்கள் தங்கள் ஊரையும் கூடவே எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்பது அவர் வார்டில் கண்ட உண்மையும்தான். ஜெபமாலையைக் கழற்றாத ஒரு ஆசிரியைக்கு வந்தவர் வேளாங்கண்ணி மாதா. மேலூர்க்காரருக்கு வந்தவர் மண்வெட்டியோடு ஐயா. வந்தவர் யாராக இருந்தாலும், போ, இன்னும் நேரம் வரவில்லை என்பதுதான் பேச்சு.

பிற்பாடு வந்த ஆய்வுகளையும் அவர் விடாமல் படித்தார். நெதர்லாந்தில் இதய மருத்துவர் பிம் வான் லோமல் 10 மருத்துவமனைகளில் இதயம் நின்று மீண்ட 344 பேரிடம் விசாரித்து, 2001இல் லான்செட் இதழில் எழுதினார். 62 பேர் ஏதோ ஒரு அனுபவத்தைச் சொன்னார்கள். மற்றவர்களுக்கு ஒன்றுமே நினைவில்லை. எவ்வளவு நேரம் இதயம் நின்றது, என்ன மருந்து கொடுத்தார்கள் என்பதற்கும் இந்த அனுபவத்துக்கும் தொடர்பு தெரியவில்லை. அந்தக் கட்டுரையில் ஒரு நர்ஸ் சொன்ன சம்பவம் வருகிறது. உடம்பு நீலம் பாரித்துச் சுயநினைவில்லாமல் கொண்டுவரப்பட்ட 44 வயதுக்காரர் ஒருவருக்குக் குழாய் செருக வேண்டும். வாயில் பல்செட். நர்ஸ் அதைக் கழற்றி மருந்து வண்டியில் வைத்தார். ஒரு வாரத்துக்கு மேல் கழித்து வார்டுக்குத் திரும்பிய அந்த மனிதர், மருந்து கொடுக்க வந்தவரைப் பார்த்ததும், என் பல்செட் எங்கே இருக்கிறதென்று இவருக்குத் தெரியும் என்றாராம். பல்செட்டைக் கழற்றி, ஈரத்துணியில் சுற்றி, பேர் எழுதி ஒட்டிவைப்பது எல்லா ஊர் நர்ஸுக்கும் பழக்கமான வேலை. அந்தப் பக்கத்தை அவர் டியூட்டி ரூமில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார்.

ஒருவர் சொன்ன கதையை வைத்து முடிவுக்கு வர முடியாது என்பதால் சாம் பார்னியா என்ற மருத்துவர் வேறொரு சோதனை செய்தார். உத்தரத்துக்குப் பக்கத்தில் பலகை அடித்து, மேலிருந்து பார்த்தால் மட்டும் தெரியும்படி படங்களை வைத்தார்கள். உண்மையிலேயே மிதந்திருந்தால் படம் கண்ணில் படவேண்டும் அல்லவா? 15 மருத்துவமனைகள், 2,060 இதய நிறுத்தங்கள். 2014இல் வெளிவந்த முடிவில், பேட்டி காணும் அளவுக்குத் தேறியவர்கள் 140 பேர்தான். அறையில் நடந்ததைச் சரியாகச் சொன்னவர் ஒருவர் இருந்தார். அவர் படுத்திருந்த அறையில் பலகையே அடித்திருக்கவில்லை.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஜிமோ போர்ஜிகின் குழு இன்னொரு பக்கம் திறந்தது. இதயம் நின்ற எலிகளின் மூளையில், முதல் அரை நிமிஷத்துக்குள் அலைகள் அடங்குவதற்குப் பதிலாக ஓங்கி எழுந்ததை 2013இல் காட்டினார்கள். 2023இல், வென்டிலேட்டர் எடுக்கப்பட்ட நான்கு நோயாளிகளில் இரண்டு பேரின் மூளையிலும் அப்படியொரு எழுச்சியைப் பார்த்ததாக எழுதினார்கள். அணைகிற விளக்கின் கடைசிச் சுடர் என்று இதைச் சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். மடைவாயும் தாழ்வாரமும் அந்தச் சுடரில் தெரிந்தவையாக இருக்கலாம்.

செவிலியரின் கட்சி என்ன? திரும்பி வந்தவர் யாரும் செத்தவர் அல்லர் என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. இதயம் நிற்பது வேறு, மூளை மாண்டுபோவது வேறு. அப்பத்தாவுக்கு நாடி விரலுக்கு எட்டாமல் போயிருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆகவே செத்த பிறகு என்ன என்ற கேள்விக்கு இவர்கள் யாரையும் சாட்சிக்கு நிறுத்த முடியாது. தாழ்வாரத்தோடு திரும்பிவிட்டேன் என்று அப்பத்தாவே ஒப்புக்கொண்டுவிட்டார். ஆனால் சாகும் நேரம் எப்படி இருக்கும் என்பதற்கு இவர்களை விட்டால் வேறு சாட்சி ஏது? கஷ்டமாக இல்லை, தனியாக இல்லை என்றுதான் பெரும்பாலும் சொல்கிறார்கள். பயந்து நடுங்கியவர்களும் சிலர் உண்டு. வான் லோமல் 2 வருஷம் கழித்தும் 8 வருஷம் கழித்தும் தன் ஆட்களைத் திரும்பப் போய்ப் பார்த்தார். அந்த அனுபவம் கண்டவர்களுக்குச் சாவுபயம் குறைந்திருந்தது, பிறர்மேல் அன்பு கூடியிருந்தது. சாகப்போகிற ஒருவரின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற நர்ஸுக்கு இதைவிட உபயோகமான செய்தி எது?

இப்போது கிராமத்திலும் மாறிவிட்டது. நாடி பார்க்க வைத்தியர் வருவதில்லை. 108க்குப் போன் போகிறது. அது பெரிய நன்மை. அப்பத்தா காலத்தில் சுக்குப்பொடி தேய்த்துப் பார்த்துக் கைவிட்ட எத்தனையோ பேர் இன்று பிழைத்து வீடு திரும்புகிறார்கள். இறந்துவிட்டால் டாக்டர் சர்டிபிகேட் தருகிறார், ஒரு மணி நேரத்தில் ஃப்ரீசர் பெட்டி வருகிறது, தகவல் வாட்ஸ்அப்பில் போய்விடுகிறது. சித்திரபுத்திர நயினார் கதை படிக்கத் தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள். திண்ணைகளை இடித்து கேட் வைத்துவிட்டார்கள். பிழைத்து வந்தவர்களிடம் பில் எவ்வளவு ஆயிற்று, எத்தனை ஸ்டென்ட் வைத்தார்கள் என்று கேட்கிறார்கள். என்ன பார்த்தாய் என்று கேட்பாரில்லை.

நர்ஸிங் மாணவிகளுக்கு வகுப்பெடுக்க அழைத்தால் அவர் மறுக்காமல் போகிறார். நெஞ்சில் கையை எங்கே வைப்பது, எத்தனை ஆழம் அழுத்துவது, எல்லாம் சொல்லிக் கொடுப்பார். பிறகு, பிழைத்த நோயாளி ஏதாவது சொல்ல வாயெடுத்தால் செய்ய வேண்டியதையும் சொல்வார். கையில் இருக்கும் வேலையை முடித்துவிட்டு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்காருங்கள். பினாத்தல் என்று சொல்லாதீர்கள், சாமி காட்சி என்றும் நீங்களாகச் சொல்லாதீர்கள். அப்புறம் என்ன ஆச்சு என்று மட்டும் கேளுங்கள். அவர் சம்மதித்தால் வீட்டாரையும் கூப்பிட்டு உட்காரவையுங்கள். நினைவில்லாமல் கிடப்பவரின் தலைமாட்டில் நின்று சொத்துப் பேச விடாதீர்கள். சாகும் தறுவாயில் இருப்பவர்களின் மூளை, கூப்பிட்டுக் கண்திறக்காத நிலையிலும், ஒலிக்கு அசைந்து கொடுப்பதைக் கனடாவில் 2020இல் பதிவு செய்திருக்கிறார்கள். காதில் சாமி பேர் சொல்லி, பேர்விட்டுக் கூப்பிட்டுக்கொண்டே இருந்த நம் வீட்டுக் கிழவிகள் செய்தது வீண்வேலை அல்ல.

வகுப்பு முடிந்ததும் மாணவிகள் உடனே கலைவதில்லை. ஒருத்தி தன் தாத்தா கிணற்றில் விழுந்து பிழைத்ததைச் சொல்ல ஆரம்பிப்பாள். இன்னொருத்தி பிரசவத்தில் போய்வந்த பெரியம்மாவைப் பற்றி எடுப்பாள். இதையெல்லாம் வீட்டில் யாரும் கேட்டதில்லை மேடம் என்பார்கள். இந்தத் தடவை ஊருக்குப் போகும்போது நீ கேள் என்று சொல்லி அனுப்புகிறார். கேட்டுவிட்டு வந்து போனில் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். போன வாரம் பேசிய பெண்ணின் பெரியம்மா, பேச ஆரம்பித்து நிறுத்தவே இல்லையாம், உலையில் அரிசி குழைந்தே போய்விட்டதாம்.